கரூரில் விழுந்த வங்கி, கேட்கப்படாத கணக்கு

2020 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. தீபாவளி கழிந்து மூன்றாம் நாள். கார்த்திகை பிறந்துவிட்டது; கல்யாண வீடுகளில் மண்டபத்துக்கும் நகைக்கும் பணம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கொரோனாவில் படுத்துக் கிடந்த தறிகளும் பட்டறைகளும் அப்போதுதான் மெல்ல ஓடத் தொடங்கியிருந்தன. அன்று மாலை 6 மணி முதல் லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. தடை டிசம்பர் 16 வரை. மருத்துவம், படிப்பு, கல்யாணம் என்றால் மட்டும் தனி அனுமதி கேட்கலாம்.

கரூரில் பிறந்த வங்கி அது. 1926-இல் வி.எஸ்.என். ராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது. ஜவுளி, விவசாயம், சிறுதொழில் என்று சுற்றுவட்டாரத்தின் கொடுக்கல் வாங்கலோடு சேர்ந்து வளர்ந்தது. சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டிய சிறு முதலாளிக்கு 25,000 ரூபாய் என்பது ஒரு நாள் கூலிக்குக்கூடப் போதாது. மறுநாள் காலை கிளைகளின் முன் வரிசை நின்றது. வயதானவர்கள் பாஸ்புக்கோடு நின்றார்கள்.

பத்தே நாளில் எல்லாம் முடிந்தது. நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 27-ஆம் தேதி லட்சுமி விலாஸ் வங்கி, சிங்கப்பூரைத் தாயகமாகக் கொண்ட டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைந்தது. 20 லட்சம் வைப்பாளர்கள், சுமார் 20,000 கோடி ரூபாய் வைப்பு. ஒருவருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. சுமார் 4,000 ஊழியர்களின் வேலையும் தப்பியது. தன் இந்திய நிறுவனத்துக்கு டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது. 94 ஆண்டு ஓடிய பெயர்ப்பலகை இறங்கியது.

வைப்பாளர்கள் காப்பாற்றப்பட்டது சரி. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. எரிச்சலெல்லாம் அதற்குப் பிறகு கேட்டிருக்க வேண்டிய கேள்வியில்தான். 20,000 கோடி ரூபாய் வைப்பு இருந்த ஒரு வங்கியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? அவர்கள் என்ன இழந்தார்கள்?

நஷ்டம் யாருடையது?

வங்கி நெருக்கடியில் அரசு தலையிடும்போதெல்லாம் பொருளியல் அறிஞர்கள் ஒரு எச்சரிக்கையை முன்வைப்பார்கள். 'மாரல் ஹசார்டு' என்பது அவர்கள் வைத்த பெயர். லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கு என்று ஒருவருக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால், அவர் எடுக்கக் கூடாத துணிச்சலை எடுப்பார் என்பதுதான் அதன் சாரம். இந்த வாதத்தைக் கொண்டு சாதாரண வைப்பாளரை மிரட்டுகிறவர்கள் உண்டு. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்றால் மக்கள் எந்த வங்கி நல்ல வங்கி என்று பார்க்கவே மாட்டார்கள். ஆகவே கொஞ்சமாவது அவர்களுக்கு வலிக்க வேண்டும் என்பார்கள்.

கொங்கு மண்டலத்தின் அனுபவம் இந்த வாதத்துக்கு நேர் எதிராக நிற்கிறது. திருப்பூரில் அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லி பாசி நிறுவனம் திரட்டிய பணம் சுமார் 930 கோடி. 2012-இல் பெருந்துறையில், மக்களிடம் முதலீடு வாங்கிய ஈமுக் கோழிப் பண்ணைகள் சரிந்தன. இந்த இரண்டிலும் அரசு யாருக்கும் கைக்காசு போட்டு ஈடு கட்டவில்லை. 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோவையில் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, வந்ததைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி. பாசி வழக்கில் 27 ஆண்டு சிறை என்ற தீர்ப்பு 2022-இல்தான் வந்தது. இவ்வளவு வலியும் பட்ட பிறகு மக்கள் எச்சரிக்கையானார்களா? 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் போட்டபோது, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

மோசடி நிறுவனத்தையும் வங்கியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சொல்ல வருவது வேறு. சேமிப்பவருக்கு வலி கொடுத்தால் அவர் நிதிநிலை அறிக்கை படிக்கக் கற்றுக்கொள்வார் என்பது நடக்காத காரியம். ஒரு வங்கியின் வாராக்கடன் உண்மையில் எவ்வளவு என்பது அதன் தணிக்கையாளருக்கே சரியாகத் தெரியாத நாட்டில், க.பரமத்தியில் ஆடு மாடு விற்ற காசைப் போட்டு வைக்கிறவருக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கை இருக்க வேண்டிய இடம் கடன் கொடுக்கும் மேசை. தண்டனையும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

ஊர்க் கடனிலிருந்து டெல்லிக் கடனுக்கு

அந்த மேசையில் என்ன நடந்தது? உள்ளூர் வியாபாரிக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பின்னாளில் பெருநிறுவனக் கடன்களின் பக்கம் வேகமாகச் சாய்ந்தது. கரூரில் ஒருவர் கடன் கேட்டால் அவர் அப்பா யார், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, தறி ஓடுகிறதா, எல்லாம் மேலாளருக்குத் தெரியும். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் பெரிய குழுமத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் கொடுத்த காகிதம்தான்.

இதில் ரெலிகேர் விவகாரம் ஒன்றே போதும். ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனம் 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் சுமார் 750 கோடி ரூபாயை இந்த வங்கியில் வைப்பாக வைத்தது. அந்த வைப்பைப் பிணையாகக் காட்டி, ரான்பாக்ஸியின் முன்னாள் உரிமையாளர்களான சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. கடன் திரும்பவில்லை, வங்கி வைப்பை எடுத்துக் கழித்துக்கொண்டது. எங்கள் அனுமதி இல்லாமல் எங்கள் பணத்தை எடுத்துவிட்டீர்கள் என்று ரெலிகேர் நீதிமன்றம் போனது. 2019 செப்டம்பரில் டெல்லி போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வங்கியின் இயக்குநர் குழு மீது வழக்குப் பதிந்தது. அதே வாரத்தில் ரிசர்வ் வங்கி உடனடித் திருத்த நடவடிக்கை என்ற கட்டுப்பாட்டின் கீழ் லட்சுமி விலாஸைக் கொண்டுவந்தது.

அதன் பிறகு எல்லாம் சரிவுதான். 2020 மார்ச்சில் மொத்தக் கடனில் கால் பங்கு வாராக்கடன். அந்த ஆண்டு நஷ்டம் மட்டும் 836 கோடி. செப்டம்பர் முடிவில் மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.85 சதவீதம். அதாவது வங்கியின் சொந்தப் பணம் முழுவதும் கரைந்து, வைப்பாளரின் பணத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது.

இடையில் வழிகள் திறந்து மூடின. இந்தியாபுல்ஸ் வீட்டுவசதி நிதி நிறுவனத்தோடு இணைவதாக 2019 ஏப்ரலில் அறிவித்தார்கள். அக்டோபரில் ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. பிறகு கிளிக்ஸ் கேபிட்டலோடு நடந்த பேச்சும் கைகூடவில்லை. 2020 செப்டம்பர் 25 அன்று பங்குதாரர்கள் கூட்டத்தில் தலைமைச் செயல் அதிகாரி உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். இந்திய வங்கி வரலாற்றில் அபூர்வமான செயல் அது. ஆனால் காலம் கடந்திருந்தது. அடுத்த 53-ஆம் நாள் தடை ஆணை வந்துவிட்டது.

இணைப்புத் திட்டத்தின்படி பங்குகளின் மதிப்பு பூஜ்யம். 318 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்களும் பூஜ்யம். பரம்பரையாக இந்தப் பங்குகளை வைத்திருந்த கரூர்க் குடும்பங்களும், பணிக்காலச் சேமிப்பைப் போட்டு வாங்கிய ஊழியர்களும் ஒரே அறிவிப்பில் எல்லாம் இழந்தார்கள். திட்ட வரைவின் மீது கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் நவம்பர் 20 மாலை 5 மணி வரை. மூன்று நாள்.

வங்கி நொடித்தால் முதலில் நஷ்டப்பட வேண்டியவர் பங்குதாரர் என்பது அடிப்படை நியாயம். அதை நான் எதிர்க்கவில்லை. ஐந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகளுக்கும் தலைமுறை வாடிக்கையாளர்களுக்கும் என்ன மதிப்பு என்று சுதந்திரமான மதிப்பீடு ஒன்றை வெளியிட்டு, அதன் பிறகு பூஜ்யம் என்று சொல்லியிருக்கலாம். அது நடக்கவில்லை. இந்த மனக்குறையை ஆறவிடாமல் செய்தது வேறொரு வங்கி நடத்தப்பட்ட விதம்.

பதினான்கு மாதத்தில் மூன்று நியாயம்

2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி விழுந்தது. வைப்பாளர்கள் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய். கடைசியில் 5 லட்சம் வரை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்குப் பாக்கிப் பணம் பத்தாண்டு வரை நீளும் தவணையில்.

2020 மார்ச்சில் யெஸ் வங்கி. இங்கே பாரத ஸ்டேட் வங்கி முன்னின்றது; மற்ற வங்கிகளும் சேர்ந்து 10,000 கோடி போட்டன. பதின்மூன்றாம் நாள் தடை நீங்கியது. 8,400 கோடி ரூபாய்க்கு மேலான நிரந்தரக் கடன்பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. ஆனால் அந்தப் பத்திரக்காரர்களுக்கு முன்பே நஷ்டப்பட்டிருக்க வேண்டிய பங்குதாரர்களின் பங்கு உயிரோடு இருந்தது. முக்கால் பங்கை மூன்றாண்டு விற்கக் கூடாது என்றார்கள், அவ்வளவுதான். பத்து ரூபாய்க்கு ஸ்டேட் வங்கி வாங்கிய பங்கின் ஒரு பகுதியை 2025-இல் ஜப்பானிய வங்கி ஒன்று 21 ரூபாய் 50 காசுக்கு வாங்கியது. கடன்பத்திரங்களைப் பூஜ்யமாக்கியது செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

எட்டு மாதம் கழித்து லட்சுமி விலாஸ். இங்கே பங்குதாரருக்கு ஒன்றும் இல்லை.

ஒரே ரிசர்வ் வங்கி, ஒரே சட்டப் பிரிவு, ஒரே ஆண்டு. மும்பையின் பெரிய வங்கிக்கு ஒரு கணக்கு, கரூரின் சிறிய வங்கிக்கு ஒரு கணக்கு. பெரிதாக வளர்ந்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற பாடத்தை நாம் வங்கி நடத்துபவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம். மாரல் ஹசார்டு என்று பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

உலகமும் இதில் உத்தமம் இல்லை. 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸை விழவிட்ட அமெரிக்கா, மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, கிரெடிட் சுவிஸின் 1,600 கோடி பிராங்க் கடன்பத்திரங்களைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பங்குதாரர்களுக்கு 300 கோடி பிராங்க் வாங்கிக் கொடுத்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அமெரிக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. 2023 மார்ச் 10-இல் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி, சரியாக ஏழு வாரத்தில், அமெரிக்க மத்திய வங்கி தன் மேற்பார்வை எங்கெங்கே தவறியது என்று தானே எழுதிய அறிக்கையை உள் ஆவணங்களோடு பொதுவில் வைத்தது.

நம் ரிசர்வ் வங்கி அப்படி ஒன்றைக் கரூர் மக்களுக்குத் தரவில்லை. தனியார் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியை ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் இல்லாமல் நியமிக்க முடியாது. ஆண்டுதோறும் ஆய்வு நடக்கிறது. அப்படியானால் ரெலிகேர் கடன் போனபோது எச்சரிக்கை மணி எங்கே அடித்தது, யார் காதில் விழுந்தது, யார் கையெழுத்திட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் கணக்கு முடிக்கப்பட்டதுதான் பங்குதாரரின் நஷ்டத்தைவிடப் பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் சென்னைக்கு இதில் முன்மாதிரி இருக்கிறது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானபோது அதை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வெள்ளையர் ஆட்சியில் ஒரு வெள்ளைப் பிரபுவுக்கு. அந்த வீழ்ச்சியின் காயத்திலிருந்துதான் அடுத்த ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியில் இந்தியன் வங்கி பிறந்தது.

நூற்றுக்குப் பன்னிரண்டு காசு

வைப்பாளருக்கு இன்று இருக்கும் காப்பீடு கேரளத்தில் ஒரு வங்கி செத்ததால் வந்தது. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. தென்னிந்தியா முழுக்கக் கலங்கியது. உடனே சட்டத்தைத் திருத்தி, நலிந்த வங்கியின் நடவடிக்கைகளை நிறுத்திவைத்து இன்னொன்றோடு இணைக்கும் அதிகாரத்தை உருவாக்கினார்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. அந்த அறுபதுகளில் கோயம்புத்தூர் ஸ்டாண்டர்டு வங்கி போன்ற சிறு வங்கிகள் பெரியவற்றுக்குள் கரைந்தன. லட்சுமி விலாஸே 1961-க்கும் 65-க்கும் இடையே ஒன்பது வங்கிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அறுபது ஆண்டு கழித்து அதையே இன்னொன்றோடு இணைத்ததும் அந்த 45-ஆம் பிரிவுதான்.

1962 ஜனவரி 1-இல் வைப்புக் காப்பீடு வந்தது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். இதற்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது, 2020-இல் நூறு ரூபாய் வைப்புக்கு ஆண்டுக்கு 12 காசு. ஒழுங்காக நடக்கும் வங்கிக்கும் அதே 12 காசு, கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கும் வங்கிக்கும் அதே 12 காசு. கரூரிலேயே 1916-இல் தொடங்கி இன்றும் நிற்கும் கரூர் வைஸ்யா வங்கியும், நொடிந்துகொண்டிருந்த லட்சுமி விலாஸும் 2020-இல் ஒரே விகிதத்தில்தான் கட்டின. ஆபத்துக்கு ஏற்ற பிரீமியம் கொண்டுவரப்படும் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அறுபது ஆண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது, இப்போதாவது வந்ததே.

கட்டியவர் கேட்கும் கேள்வி

வங்கிகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம் வீட்டுக்குள் நடப்பதைப் பேசாமல் விட்டால் நேர்மை ஆகாது. 2006-இல் 6,866 கோடி, 2016-இல் 5,780 கோடி என்று கூட்டுறவுப் பயிர்க் கடன்கள் தள்ளுபடி ஆயின. 2021 பிப்ரவரி 5 அன்று, தேர்தல் வாசலில், முதல்வர் எடப்பாடி பழனிசாமி 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்தார். ஆட்சி மாறியதும் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லாதவை என்று அரசே சொன்னது.

மழை பொய்த்து வெள்ளாமை போனவருக்கு அரசு கை கொடுப்பதை நான் ஒருநாளும் தவறென்று சொல்ல மாட்டேன். பெருநிறுவனக் கடனில் ஆயிரக்கணக்கான கோடி கழித்துக்கட்டப்படும் நாட்டில் விவசாயியை நோக்கி மட்டும் விரல் நீட்டுவது அற்பத்தனம். ஆனால் தள்ளுபடி வறட்சியைப் பார்த்து வராமல் தேர்தலைப் பார்த்து வரும்போது, சொசைட்டியில் தவணை தவறாமல் கட்டியவர் கேட்கிறார்: "ஏனுங்க, கரெக்ட்டா கட்டுனவன் இளிச்சவாயனுங்களா?" அதற்கு எந்தக் கட்சியிடமும் பதில் இல்லை. அடுத்த தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் அவர் தவணையை நிறுத்திப் பார்க்கத் தொடங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குக் கொரோனா காலமே சாட்சி. 2020 மே மாதம் மத்திய அரசு சிறுதொழில்களுக்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தது. 3 லட்சம் கோடியில் தொடங்கி 5 லட்சம் கோடி வரை விரிந்தது. பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் புதிதாகக் கடன், கூடுதல் அடமானம் வேண்டாம், உத்தரவாதம் முழுக்க அரசுடையது. அதில் ஒரு நிபந்தனை: அந்தத் தேதியில் தவணை 60 நாளுக்கு மேல் தவறியிருக்கக் கூடாது. பெருந்தொற்றுக்கு முன் ஒழுங்காகக் கட்டியவருக்கு உதவி. முன்பே தவறியவருக்கு இந்தக் கதவு இல்லை. கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோவிலும் மோட்டார் பம்பு, வார்ப்படம், கிரைண்டர் செய்யும் பல பட்டறைகளை அந்தக் கடன்தான் நிற்க வைத்தது. வங்கிக் கடனே இல்லாமல் கைமுதலில் ஓடிய ஜாப் ஆர்டர் பட்டறைகளுக்கு இது எட்டவில்லை. அந்தக் குறை பெரியது. ஆனால் யாருக்கு உதவி, எதன் அடிப்படையில் என்பது எழுத்தில் இருந்தது. கோவைக்கு ஒன்று, சூரத்துக்கு ஒன்று என்று இல்லை.

வங்கிகளுக்கு அப்படி எழுதிவைத்த விதி இன்னும் இல்லை. 2017 ஆகஸ்டில் நிதித் தீர்வு மற்றும் வைப்புக் காப்பீட்டு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நெருக்கடியில் வைப்பாளரின் பணத்தையும் வங்கியை மீட்கப் பயன்படுத்தலாம் என்று படிக்க இடம் தரும் ஒரு பிரிவு அதில் இருந்தது. வாட்ஸ்அப்பில் பீதி பரவியது; 2018 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றது. அந்தப் பிரிவை நீக்கியது நல்லதுதான். அதோடு மற்றதையும் தூக்கி எறிந்ததால், அடுத்த வங்கி விழும்போதும் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை ஓர் இரவில் சில அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள்.

அந்தச் சட்டம் திரும்ப வர வேண்டும், வைப்பாளர் மீது கை வைக்காத வடிவில். நஷ்டத்தின் வரிசை அதில் எழுதப்பட வேண்டும்: முதலில் பங்குதாரர், பிறகு கடன்பத்திரக்காரர். அந்த வரிசையை எந்த வங்கிக்காகவும் மாற்றக் கூடாது. முந்தைய ஐந்தாண்டில் தலைமை அதிகாரிகள் வாங்கிய போனஸைத் திரும்பப் பிடிக்கவும், ரிசர்வ் வங்கி தன் மேற்பார்வை பற்றி ஆறு மாதத்துக்குள் அறிக்கை வைக்கவும் அதில் இடம் வேண்டும்.

இன்னொன்றையும் இந்த வட்டாரத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். 5 லட்சக் காப்பீடு வணிக வங்கிக்கு உண்டு, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு. ஊருக்கு ஊர் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. காட்டு வேலைக் கூலியில் மிச்சம் பிடித்து, அரசாங்கச் சொசைட்டிதானே என்று நம்பி அங்கே வைப்புப் போடும் பெண்கள் கொங்குக் கிராமங்களில் ஏராளம். அவர்களில் பெரும்பாலானோருக்கு இது யாரும் சொல்லாத செய்தி. சங்கத்தின் சுவரில் வட்டி விகிதப் பலகை தொங்குகிறது. அதில் இந்த வைப்புக்குக் காப்பீடு இல்லை என்ற ஒரு வரியைக் கூட்டுறவுத் துறை நாளைக்கே எழுதலாம். அவர்களையும் காப்பீட்டுக்குள் கொண்டுவரும் திருத்தத்துக்கு டெல்லி போக வேண்டும்.